செப்டம்பர் விடுமுறையில் சானி கணவாய், லெசோத்தோ சுற்று: ஃபார்ச்சூனரில் ஏற முடியுமா?

உம்லங்கா வாசி

வணக்கம் மக்களே. டர்பனில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஐந்து பேர் நாங்கள். மூன்று பேர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், இரண்டு பேர் இங்கேயே டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்து வளர்ந்தவர்கள். செப்டம்பர் 24 பாரம்பரிய தினம் இந்த முறை வியாழக்கிழமை வருவதால், வெள்ளி ஒரு லீவு போட்டால் நாலு நாள் கிடைக்கிறது, மலைப்பக்கம் வண்டியிலேயே சுற்றிவிட்டு வரலாம் என்று பேச்சு.

திட்டம் இதுதான்: வியாழன் விடிகாலை கிளம்பி மாரிட்ஸ்பர்க், ஹோவிக், அண்டர்பெர்க். அங்கிருந்து சானி கணவாய் ஏறி தென்னாப்பிரிக்காவுக்கு நடுவே இருக்கிற லெசோத்தோ நாட்டுக்குள் ஒரு ராத்திரி. மறுநாள் மோகோட்லாங், புத்தா-புத்தே வழியாகக் கீழே இறங்கி கிளாரன்ஸ், கோல்டன் கேட், ஹாரிஸ்மித், அப்புறம் என்3 நெடுஞ்சாலை பிடித்து ஞாயிறு ராத்திரிக்குள் வீடு. வரைபடத்தில் அழகான வட்டமாகத் தெரிகிறது.

சிக்கல் வண்டியில். நண்பர் ஒருவரிடம் ஃபார்ச்சூனர் இருக்கிறது, ஆனால் பின்சக்கரம் மட்டும் இழுக்கிற மாடல். அவர் "இவ்வளவு உயரமான வண்டி, யாரு குனிஞ்சு பாக்கப் போறாங்க" என்கிறார். இன்னொருவரிடம் போலோ. இதில் எதிலாவது சானி ஏற முடியுமா, இல்லை வாடகைக்கு ஃபோர்-பை-ஃபோர் எடுக்கத்தான் வேண்டுமா? வட்டத்தை எந்தப் பக்கமிருந்து சுற்றுவது நல்லது? குளிர் எப்படி இருக்கும்? போய் வந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

டீசல் புகை

தம்பி, முதலில் அந்த ஃபார்ச்சூனர் கதையை முடித்துவிடுவோம். அது நடக்காது. சானி அடிவாரத்தில் தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடி இருக்கிறது, நாலு சக்கரமும் இழுக்காத வண்டியை அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். டர்பன் ப்ராஸ்பெக்டன் ஆலையில் இருந்து வருகிற வண்டி அது, இந்த ஊரில் அதில் எது எந்த மாடல் என்று போலீஸ்காரருக்குத் தெரியாதா? லோ ரேஞ்ச் (செங்குத்து ஏற்றத்துக்கான மெதுவான கியர்) எங்கே என்று ஒரு கேள்வி கேட்டால் உங்கள் நண்பர் என்ன சொல்வார்?

சட்டத்தை விடுங்கள், ஏன் அப்படி ஒரு விதி என்று பாருங்கள். பாதை 1,544 மீட்டரில் தொடங்கி 2,876 மீட்டரில் முடிகிறது. சாவடி வரைக்கும் சிரமம் இல்லை. அதற்கு மேலே உள்ள 8 கி.மீ. சொச்சம்தான் விஷயமே. கடைசிப் பகுதியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொண்டை ஊசி வளைவுகள், தரை முழுக்க உருளுகிற கல். வளைவில் திருப்பும்போது உள்பக்கப் பின்சக்கரத்தில் பாரம் குறைந்து அது சும்மா சுற்ற ஆரம்பிக்கும், வண்டி நிற்கும், பிரேக்கை மிதித்தாலும் கல்லோடு சேர்ந்து பின்னால் நழுவும். பின்னால் என்ன இருக்கிறது என்று அப்போது கண்ணாடியில் பார்க்காதீர்கள். செப்டம்பரில் காலை வேளையில் நிழல் விழுகிற வளைவுகளில் உறைபனி வேறு இருக்கலாம். இன்னொன்று, அந்த உயரத்தில் காற்று கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான், டர்போ இல்லாத எஞ்சின் கிட்டத்தட்ட கால்வாசி சக்தியை வழியிலேயே விட்டுவிடும்.

ஃபோர்-பை-ஃபோர் வாடகைக்கு எடுப்பதென்றால் எடுங்கள், ஆனால் ஒப்பந்தத்தில் லெசோத்தோ என்று எழுதியிருக்கிறதா, மண்பாதைக்குக் காப்பீடு உண்டா என்று ஒரு தடவைக்கு ரெண்டு தடவை படியுங்கள். எனக்கு ஒரு கம்பெனி போனில் "எல்லாம் ஓகே சார்" என்று சொல்லிவிட்டு, வண்டி எடுக்கும் நாளில் எல்லைக் கடிதம் கேட்டால் "அது தலைமை அலுவலகத்தில் இருந்து வரணும், திங்கள்கிழமை வாங்க" என்றார்கள். சனிக்கிழமைப் பயணத்துக்கு.

என்னைக் கேட்டால் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. ஃபார்ச்சூனரை அண்டர்பெர்க்கிலோ ஹிமெவில்லிலோ நிறுத்திவிட்டு, அங்கிருந்து மேலே கூட்டிப்போகிற சுற்றுலா வண்டிகளில் ஏறிக்கொள்ளுங்கள். காலையில் ஏறி, மேலே மதியச் சாப்பாடு, சாயங்காலம் கீழே. தினமும் அதே வளைவில் திருப்புகிற ஓட்டுநர் இருக்கும்போது நீங்கள் ஐந்து பேரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போகலாம், ஓட்டுகிறவன் ஒருவனுக்கு மட்டும் மலையே தெரியாமல் போகிற கொடுமை இல்லை.

கரிக்காகம்

டீசல் புகை அண்ணன் சொன்னது சரி. ஆனால் சானி உச்சியைப் பார்க்க சானி வழியாகத்தான் ஏறணும் என்று யார் சொன்னது? பின்வாசல் ஒன்று இருக்கிறது.

ஹாரிஸ்மித், கோல்டன் கேட், கிளாரன்ஸ், ஃபூரிஸ்பர்க் என்று சுற்றி கலிடான்ஸ்பூர்ட் எல்லையில் லெசோத்தோவுக்குள் நுழைந்தால், புத்தா-புத்தேயில் இருந்து மோகோட்லாங் வரைக்கும், அங்கிருந்து சானி உச்சி வரைக்கும் தார்ச்சாலை. அந்த ஃபார்ச்சூனரே போதும். போலோவும் போகும், ஆனால் மோட்டெங் கணவாயில் ஐந்து பேரையும் சாமானையும் வைத்துக்கொண்டு ஏற்றினால் முதல் கியரில் அழுதுகொண்டே ஏறும், பாவம் அது. இந்தப் பக்கம் சாலையே 3,000 மீட்டருக்கு மேலே போகிறது. ஆப்ரிஸ்கி பனிச்சறுக்கு இடம், லெட்செங் வைரச் சுரங்கம் (603 காரட் வைரம் 2006-இல் கிடைத்த அதே சுரங்கம்) எல்லாம் இந்த வழியில்தான். சுரங்கத்துக்குள் விடமாட்டார்கள், வேலிக்கு வெளியே நின்று பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

கெட்ட செய்தி: போன வழியிலேயே திரும்பணும். சானியில் இறங்குவதற்கும் ஏறுவதற்கு உள்ள அதே நிபந்தனை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது எஞ்சின் திணறும், இறங்கும்போது பிரேக் கொதிக்கும், இரண்டில் எது மோசம் என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். நீங்கள் நினைக்கிற வட்டம், ஃபோர்-பை-ஃபோர் இருந்தால்தான் வட்டம்.

அப்புறம் காகிதங்கள். வண்டி வங்கிக் கடனில் இருந்தால் எல்லை தாண்ட வங்கியிடம் கடிதம் வாங்கணும், பதிவுச் சான்றின் சான்றளித்த நகலும் வேண்டும். வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர் கூட வராவிட்டால் அவருடைய கடிதமும். சானி எல்லை காலை 6 முதல் மாலை 6 வரைதான், கலிடான்ஸ்பூர்ட் இரவு 10 வரை. பணத்தைப் பற்றிக் கவலை இல்லை, லெசோத்தோ காசான லோட்டியும் (பன்மையில் மலோட்டி) நம் ராண்டும் ஒரே மதிப்பு, ராண்டை எங்கும் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் மீதிச் சில்லறை மலோட்டியில் வரும், அது டர்பனில் செல்லாது, அங்கேயே பெட்ரோலுக்குப் போட்டுத் தீர்த்துவிடுங்கள்.

உம்லங்கா வாசி

ரெண்டு பேருக்கும் நன்றி அண்ணா. ஃபார்ச்சூனர்காரர் இதைப் படித்துவிட்டு மதியத்தில் இருந்து என்னோடு பேசவில்லை. இந்திய பாஸ்போர்ட் மூன்று பேருக்கும் லெசோத்தோ விசா என்ன கதை? மேலே போய் சாப்பிட்டுவிட்டு உடனே இறங்கினாலும் வேணுமா?

கரிக்காகம்

சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் பாஸ்போர்ட்டில் முத்திரை விழும். கீழே தென்னாப்பிரிக்கா வெளியேற்றம், மேலே லெசோத்தோ நுழைவு, நடுவில் அந்த வளைவுகள் எல்லாம் யாருக்கும் சொந்தமில்லாத மாதிரி ஒரு இடைவெளி. சாட்ஸ்வொர்த் நண்பர்கள் தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட்டை நீட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் மூன்று பேரும் பிரிட்டோரியாவில் இருக்கிற லெசோத்தோ ஹை கமிஷனில் முன்கூட்டியே கேட்டு, விசா வேலையை முடித்துக்கொண்டுதான் கிளம்பணும், மலை உச்சிச் சாவடியில் பேசிப் பார்த்துக்கொள்ளலாம் என்று போகாதீர்கள். உங்கள் தென்னாப்பிரிக்க விசாவில் திரும்பி வர அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். யாராவது ஊரிலிருந்து வந்த தம்பி, ஒரே ஒரு நுழைவுக்கான சுற்றுலா விசாவில் கூட வந்தால், மேலே போனவர் கீழே வர வழியில்லை.

மாரிட்ஸ்பர்க் ராணி

வண்டி, விசா எல்லாம் பேசிவிட்டீர்கள், சாப்பாட்டைப் பற்றி ஒருத்தருக்கும் கவலை இல்லையா? செப்டம்பர் 24 என்றால் புரட்டாசி! ஊரே பாரம்பரிய தினம் என்று பிராய் (தணலில் கறி சுடுவது) போட்டுக்கொண்டிருக்கும், வழியெல்லாம் கறி வாசனை, உங்கள் சாட்ஸ்வொர்த் பையன்கள் இரண்டு பேரும் நிச்சயம் விரதமாகத்தான் இருப்பார்கள், இங்கே புரட்டாசி என்றால் குடித்துக் கூத்தடிக்கிற மாமாகூட ஒரு மாதம் மரக்கறிக்கு மாறிவிடுவார். மலைப்பக்கத்து ஹோட்டலில் சைவம் கேட்டால் சிப்ஸும் சீஸ் சாண்ட்விச்சும்தான் வரும். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போங்கள்.

புளியோதரை முதல் நாளுக்கு. உருளைக்கிழங்கு கறி வைத்து ரொட்டியில் சுருட்டி ஃபாயிலில் கட்டினால் ஓட்டுகிறவரும் ஒரு கையில் சாப்பிடலாம் (நிறுத்திவிட்டுச் சாப்பிடச் சொல்கிறேன், கேட்கவா போகிறீர்கள்). பீன்ஸ் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றியது) டர்பனிலேயே வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், எடுத்துப்போனால் குழம்பு ஊறி ரொட்டி கையோடு வந்துவிடும். லெசோத்தோவில் பாப்பாவும் மொரோஹோவும் கேளுங்கள், சோள மாவுக் களியும் கீரையும், நம் வீட்டுக் கேழ்வரகுக் களி சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு ஒன்றும் புதிதில்லை. கொஞ்சம் ஊறுகாய் கையில் இருந்தால் போதும்.

மேலே தங்கி சமைக்கிற எண்ணம் இருந்தால் குக்கர் எடுத்துப் போங்கள். சானி உச்சியில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடு ஏறாது. திறந்த பானையில் அரிசி போட்டால் மேலே குழையும், நடுவில் நறுக்கென்று இருக்கும். பருப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், எங்கள் வீட்டு ஆண்கள் கேஸ் சிலிண்டர் தீரும் வரைக்கும் துவரம்பருப்பைக் கிளறிக்கொண்டு இருந்தார்கள். குக்கரில் மூன்று விசில் வைக்கிற இடத்தில் ஐந்து வையுங்கள்.

எங்கள் ஊரைத் தாண்டும்போது ரயில் நிலையத்தில் பத்து நிமிஷம் நில்லுங்கள். 1893 ஜூன் 7 ராத்திரி காந்தியைப் பெட்டியில் இருந்து இறக்கிவிட்ட நிலையம் அது, ஜூன் மாதக் குளிரில் அந்தக் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தார் என்று நினைத்துப் பாருங்கள், நீங்கள் ஹீட்டர் போட்டுக்கொண்டு போகிறீர்கள். ஹோவிக் தாண்டி ஆர்103 சாலையில் மண்டேலா பிடிபட்ட இடம், 1962 ஆகஸ்ட் 5. ஐம்பது இரும்புத் தூண்கள் தாறுமாறாக நட்டு வைத்த மாதிரி இருக்கும், பாதையில் நடந்துபோய் சரியான இடத்தில் நின்றால் மட்டும் அவருடைய முகம் சேர்ந்து தெரியும், ஓரடி நகர்ந்தாலும் கலைந்துபோகும். எல்லாரும் அங்கே நின்று போட்டோ எடுப்பார்கள், கொஞ்சம் காத்திருங்கள். ஹோவிக் அருவி 95 மீட்டர், ஊருக்கு நடுவிலேயே விழுகிறது, வண்டியை விட்டு இறங்கி நாலு எட்டு நடந்தால் போதும்.

மேகமலை

நான் இதற்கெல்லாம் எதிர்க்கட்சி. நாலு நாளில் அந்த வட்டத்தைச் சுற்றினால் பார்த்தது எல்லாம் முன்னால் போன லாரியின் பின்பக்கமாகத்தான் இருக்கும். லெசோத்தோ முழுக்க 1,400 மீட்டருக்கு மேலேதான் இருக்கிறது, அங்கே கிலோமீட்டர் கணக்கு வேலைக்கு ஆகாது, ஊருக்குள் ஆடு, மாடு, கழுதை, குழந்தைகள் எல்லாம் சாலையிலேயே, இருட்டினால் ஓட்டக்கூடாது. லெசோத்தோவைச் சேர்க்காமல் டிராக்கன்ஸ்பெர்க்கிலேயே நாலு நாளும் இருங்கள் என்பேன். 2000-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த மலை, நம் வீட்டில் இருந்து மூன்று மணி நேரத்தில், அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே தாண்டிப்போவது என்ன நியாயம்?

ராயல் நேட்டலில் ஒரு முழு நாள் வையுங்கள். அந்தச் சுவர் மாதிரி நிற்கிற ஆம்ஃபிதியேட்டர், அதன் உச்சியில் இருந்து துகேலா அருவி 948 மீட்டர் படிப்படியாக விழுகிறது, உலகத்தின் மிக உயரமான அருவிகளில் ஒன்று. ஆனால் ஏமாறாதீர்கள், செப்டம்பர் என்பது நீண்ட வறட்சியின் கடைசி, அருவி தையல் நூல் கணக்காகத்தான் தெரியும். பள்ளத்தாக்கு வழியாக நடந்துபோகிற பாதை அருவிக்காக இல்லாவிட்டாலும் நடக்கணும். ஆற்றைக் கல் மேல் தாவித் தாவிக் கடக்கணும், தண்ணீர் எலும்பு வரை குளிரும்.

இன்னொரு நாள் பாறை ஓவியங்களுக்கு. சஹாராவுக்குத் தெற்கே இவ்வளவு ஓவியங்கள் ஒரே மலைத்தொடரில் குவிந்து கிடக்கிற இடம் வேறு இல்லை. இந்த மண்ணின் பூர்வகுடிகளான சான் மக்கள் வரைந்தது, ஈலண்ட் மானின் கழுத்தில் சிவப்பு மெல்ல வெள்ளையாக மாறுகிற இடத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள், தூரிகை போன வழி தெரியும். கம்பெர்க்கில் கேம் பாஸ் குகைக்கு வழிகாட்டியோடுதான் விடுவார்கள். ஜயண்ட்ஸ் காசில் பிரதான குகை நடக்க எளிது. தண்ணீர் தெளிப்பது, தொடுவது எல்லாம் கூடாது, முன்னால் வந்தவர்கள் படம் தெளிவாகத் தெரியட்டும் என்று நனைத்தே பாதியைக் கெடுத்துவிட்டார்கள்.

மூன்றாவது நாள் பெர்க்வில்லில் இருந்து ஆர்74 பிடித்து ஆலிவியர்ஸ்ஹூக் கணவாய் ஏறுங்கள், மேலே ஸ்டெர்க்ஃபாண்டெயின் அணை. மின்சாரம் மிஞ்சுகிற நேரத்தில் துகேலா பக்கத்துத் தண்ணீரை மலைக்கு மேலே ஏற்றி, தட்டுப்பாட்டு நேரத்தில் கீழே விட்டு 1,000 மெகாவாட் எடுக்கிறார்கள், எல்லாம் மலைக்குள்ளேயே நடக்கிறது. லோட் ஷெடிங் காலத்தில் நாம் திட்டித் தீர்த்த மின்துறையின் உருப்படியான வேலை இது.

குளிரைப் பற்றிக் கேட்டீர்கள். வசந்தம் வந்துவிட்டது என்று நம்பாதீர்கள். 2024 செப்டம்பர் 20, 21 தேதிகளில், இதே விடுமுறை வாரத்துக்குச் சற்று முன்னால், வான் ரீனன் கணவாயிலும் ஹாரிஸ்மித் பக்கமும் பனி கொட்டி என்3 சாலையே மூடிப்போய், வண்டிகள் ராத்திரி முழுக்க நடுவழியில் நின்றன. எல்லாரும் கடலோரத்து மெல்லிய ஜாக்கெட்டோடு. ஆளுக்கு ஒரு கம்பளி, முழு டேங்க், தண்ணீர், டார்ச் வண்டியிலேயே இருக்கட்டும்.

டீசல் புகை

மேகமலை சொல்கிற நடைபாதை எல்லாம் நல்லதுதான், ஆனால் ஐந்து நண்பர்களில் ரெண்டு பேருக்காவது முட்டி வலி இருக்கும், அவர்களை ராயல் நேட்டலில் மூன்று மணி நேரம் நடக்கவிட்டால் திரும்பி வரும்போது நட்பு இருக்காது. சானி உச்சியில் கம்பளி போர்த்திய பசோத்தோ (லெசோத்தோ மக்கள்) இடையர் பையன் குதிரையில் வந்து நிற்பதைப் பார்க்க நடக்கவே வேண்டாம். 2,874 மீட்டரில் ஆப்பிரிக்காவின் மிக உயரமான பப் என்று பலகை வைத்த இடத்தில் உட்கார்ந்து, ஏறி வந்த வளைவுகளைக் கீழே பார்க்கலாம். குழந்தைகள் மிட்டாய் கேட்டு ஓடி வருவார்கள், ஓடுகிற வண்டியில் இருந்து எதையும் வீசாதீர்கள், சக்கரத்துக்குக் குறுக்கே பாய்ந்துவிடுவார்கள்.

ரெண்டையும் சேர்க்கலாமே. வியாழன் அண்டர்பெர்க்கில் தங்கல், வெள்ளி சுற்றுலா வண்டியில் சானி மேலே போய் சாயங்காலம் இறக்கம், சனி கம்பெர்க் ஓவியங்கள், ராத்திரி நாட்டிங்காம் ரோடு பக்கம் எங்காவது, ஞாயிறு நிதானமாக வீடு. மேலே மேகம் கவிந்தால் ஒன்றும் தெரியாது, அதனால் வெள்ளிக்கு வானிலை மோசம் என்றால் சனியோடு மாற்றிக்கொள்ள முடிகிற மாதிரி முன்பதிவு செய்யுங்கள்.

உம்லங்கா வாசி

இது எங்களுக்குச் சரியாக வரும் போலிருக்கிறது. வாடகை ஃபோர்-பை-ஃபோர் யோசனையை விட்டுவிட்டோம், ஃபார்ச்சூனர் அண்டர்பெர்க் வரைக்கும் வரும், வண்டிக்காரரும் சமாதானம். விசா கிடைக்கத் தாமதமானால் நாங்கள் மூன்று பேரும் கீழே ஹிமெவில்லில் நின்றுவிட்டு, சாட்ஸ்வொர்த்காரர்கள் மட்டும் மேலே போய் போட்டோ அனுப்புவார்களாம், அந்தப் பேச்சு இப்போதே ஆரம்பித்துவிட்டது. மேலே போன் சிக்னல் எப்படி?

கரிக்காகம்

கணவாய்க்குள் போகப் போகச் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். மேலே போனதும் லெசோத்தோ டவர் பிடிக்கும், ரோமிங் கட்டணம் தெரியாமலேயே ஓடும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு, சாவடிக்கு முன்னால் டேட்டாவை அணைத்துவிடுங்கள். விசாவுக்கு இன்றைக்கே எழுதுங்கள்.